வாசலில் நிற்கும் ஆமை

ஜப்பான்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது எங்கள் அக்காவிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு வீடியோ கேம். சத்தியவேட்டில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் பார்த்திருக்கவே முடியாது, பந்தயம் கட்டுகிறேன். சுடுகிற கேம் இல்லை. கார் ஓட்டுகிற கேம் இல்லை. அதற்குக் காது இருந்தது! ஒரு சின்ன மைக்கை டி.வி. மேல் வைக்கவேண்டும். நாம் வாயைத் திறந்து சரியாகப் பேசினால்தான் திரையில் அடுத்தது நடக்கும்.

நான் சாம். திருப்பதியில் பாலிடெக்னிக், எலக்ட்ரானிக்ஸ். சனிக்கிழமை ஆனால் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்கா சலோமி, மாமா தனராஜ், இரண்டு பேருமே சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவர்கள். பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகள் வரிசையாகத் திறந்தபோது வேலைக்காக சத்தியவேட்டுக்கு வந்து வாடகை வீடு பிடித்தார்கள். மாமாவுக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். அக்காவுக்கு ஜப்பான் இன்ஜினியர்கள் தங்குகிற கெஸ்ட் ஹவுஸில் ரூம் சுத்தம் செய்யும் வேலை. காலையில் மாமா வந்ததும் அக்கா கிளம்புவாள். சாயங்காலம் அக்கா வந்ததும் மாமா கிளம்புவார். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்க, வாசலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

"கொழம்பு அடுப்பு மேல கீது."

"புள்ள இன்னும் துன்னல."

"வாசல்ல தண்ணி ஊத்திக்கீது, பாத்து போ."

இதுதான் அவர்களுடைய குடும்பப் பேச்சு மொத்தமும். மற்றதெல்லாம் போனில்.

இந்த இரண்டு ஷிப்டுக்கும் நடுவில் ஸ்வீட்டி, அவர்களுடைய ஒரே பெண். நாலு வயது. ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். காதை டெஸ்ட் செய்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாகவே இருந்தது. டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, "வீட்டுல இவகிட்ட யாரு பேசறது?" என்று கேட்டார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். "டி.வி. கீது மேடம். காத்தால போட்டா நிக்கறதே இல்ல. தெலுங்கு, தமிழ், இந்தி, எல்லாம் பேசும்."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு ஸ்வீட்டியைப் பார்த்தார். மாமாவை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? ராத்திரி முழுக்க மிஷின் முன்னால் நின்றுவிட்டு வரும் மனிதர் பகலில் தூங்கத்தானே செய்வார். அவர் பாயில் தூங்குவார், ஸ்வீட்டி டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பாள். கண் கொட்டாமல். எந்த விளம்பரத்துக்குப் பின்னால் எந்த விளம்பரம் வரும் என்று அவளுக்குத் தெரியும், வருவதற்கு முன்பே தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். எனக்கு அதுவே ஆச்சரியம்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "படிக்க வேணாம்டா. ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு வாட்டி என்னைப் பாத்து அம்மான்னு கூப்பிட்டா போதும்."

கேம் வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. ஜப்பான் கரண்டு நம் கரண்டைவிட வோல்டேஜ் கம்மி. நேரே சொருகினால் புகைதான். நான் திருப்பதியில் தேடி ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்தேன். இட்லிப் பானை கனம், ஆன் செய்தால் தேனீக் கூட்டம் மாதிரி உறுமும். திரையில் கடல் விரிந்தது. அய்யோ, அந்த நீலம்! கரையில் ஒரு சின்னக் குடிசை, அதன் உள்ளே நாம் இருக்கிறோம். கடலிலிருந்து ஒரு குண்டு ஆமை ஏறி, மெதுவாக நடந்து வந்து, குடிசை வாசலில் நின்றது.

"ததாய்மா!" என்றது.

கழுத்தை நீட்டி நம்மையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஹலோ" என்றேன். அசையவில்லை. "வெல்கம்" என்றேன். "கம் இன்" என்றேன். மாமா பாயிலிருந்தபடியே, "உள்ள வாயேன்டா, எவ்ளோ நேரம் நிப்ப?" என்றார். ஆமை ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது, அவ்வளவுதான். தெருவில் போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அங்கேயே நிற்கிறது, அதே கழுத்து, அதே பார்வை. மைக் செத்துப்போயிருக்கும் என்று முடிவு கட்டினேன்.

"படத்தையாவது பாக்கட்டும் மாமா, வுட்டுடு" என்று சொல்லிவிட்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

புதன்கிழமை அக்காவிடமிருந்து போன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"சாமு... பேசிட்டாடா!"

நான் ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு எழுந்து நின்றுவிட்டேன். "அம்மான்னு சொன்னாளா?"

"இல்லடா. இன்னாமோ சொல்றா. நான் ட்யூட்டி முடிஞ்சி வாசப்படி தாண்டறேன், என் மூஞ்சியப் பாத்து நேரா சொல்றா. அது நம்ம பாஷ இல்ல. தெலுங்கும் இல்ல, இந்தியும் இல்ல. நேத்தும் சொன்னா, இன்னிக்கும் சொன்னா. அப்டியே முட்டி போட்டு ஸ்தோத்திரம் பண்ணிட்டேன்."

பின்னால் ஒரு பெரிய குரல் கேட்டது. "அந்நிய பாஷை! சின்னப் புள்ள வாயில தேவன் அந்நிய பாஷையைக் குடுத்துக்கிறாரு!"

அது ஞானசௌந்தரி ஆன்ட்டி. அக்கா தெருவில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். பிறந்ததிலிருந்து ஊமையாக இருந்த குழந்தை, ஒரு நாள் திடீரென்று யாரும் அறியாத பாஷையில் பேசுகிறது. வேறு என்ன நினைப்பார் அவர்? பரிசுத்த ஆவி இறங்கினால் கற்காத பாஷை வாயில் வரும் என்பது சபை நம்பிக்கை. நானும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவர்கள். இப்படி ஒன்று நம் வீட்டில் நடக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் திருப்பதியில் எழுப்புதல் கூட்டம் என்று ஒரு பெரிய ஜெபக்கூட்டம் இருந்தது. ஸ்வீட்டியை மேடையில் ஏற்றி அந்த அற்புதத்துக்கு சாட்சி சொல்லவேண்டும் என்று ஆன்ட்டி ஏற்பாடு செய்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வேன் நேராக கெஸ்ட் ஹவுஸ் கேட்டுக்கே வரும், அக்கா ட்யூட்டி முடிந்ததும் கிளம்பவேண்டியது. மாமாவுக்கு அன்று பகலிலேயே ஓவர்டைம். அதனால் அக்கா ஸ்வீட்டியையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வேனிலும் மேடையிலும் பிள்ளையைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும், நீ இங்கேயே வந்துவிடுடா என்றாள். நானும் வழக்கம்போல் பஸ் பிடித்து, நேராக கெஸ்ட் ஹவுஸுக்கே போனேன்.

முன்ஹாலில் அக்கா கடைசியாக ஒருமுறை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்வீட்டி ஷூ ராக் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி வெள்ளைப் புடவையில் வந்து நின்றார்.

"கௌம்பலாமா சலோமி? தேவ காரியம், லேட் பண்ணக் கூடாது."

"இதோ ஆன்ட்டி, சாருங்க வர்ற நேரம், இந்த எடம் மட்டும் காஞ்சிடட்டும்."

அப்போதுதான் இன்ஜினியர்களின் பஸ் வந்தது. பாவம், களைத்துப்போன முகங்கள், கசங்கிய யூனிஃபார்ம். ஒவ்வொருவராக வந்து வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினார்கள். முன்னால் வந்தவர் நரைத்த தலைக்காரர். அக்கா அவரைப் பெரிய சார் என்பாள். ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தவர், யாருக்கும் இல்லாமல், பழக்கத்தில், மூச்சோடு மூச்சாக முணுமுணுத்தார்.

"ததாய்மா."

ஆமை! அந்த ஆமை சொன்ன வார்த்தை! என் மண்டைக்குள் அது போய் இடிப்பதற்குள், ஸ்டூலிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"ஒக்காயெரி!"

ஸ்வீட்டியின் குரல். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கிறேன். கரகரவென்று, கொஞ்சம் அதிகாரமாக.

ஹால் முழுக்க அசைவு நின்றது. ஒருவர் சாக்ஸோடு ஒற்றைக் காலில் நின்றார். பெரிய சார் கையில் ஷூவோடு நிமிர்ந்தார். யார் சொன்னது என்று சுற்றிலும் தேடினார், பிறகு கீழே பார்த்தார். இந்த ஆள் இன்னும் உள்ளே வரவில்லையே என்று ஸ்வீட்டிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒக்காயெரி!" என்றாள் மறுபடியும், சத்தமாக.

அந்த மனிதர் ஷூவைக் கீழே வைத்தார். தரை ஈரத்திலேயே முழங்கால் போட்டு, அவள் உயரத்துக்கு இறங்கி, தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "த - தாய் - மா." அவர் கண்ணாடிக்குள் தண்ணீர்.

ஸ்வீட்டி கையை நீட்டினாள். ஏதோ கொடு என்கிற மாதிரி. அவர் அவசரமாக பாக்கெட்டில் துழாவினார், பளபளவென்று ஒரு வாஷர் கிடைத்தது, இரும்பு வாஷர், அதை அவள் உள்ளங்கையில் வைத்தார். ஸ்வீட்டி சிரித்தாள் பாருங்கள்! பல்லெல்லாம் தெரிய!

அடுத்து நடந்ததை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். ஏற்கெனவே ஷூவைக் கழற்றிவிட்டவர்கள்கூட மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் பெரிய பெரிய மிஷின்களை ஓட்டுகிற ஆட்கள். ஒவ்வொருவராக வாசலில் வந்து "ததாய்மா" சொல்லி, இந்தப் பொடிசு "ஒக்காயெரி" சொன்ன பிறகுதான் உள்ளே காலை வைத்தார்கள். ஒருவர் மிட்டாய் கொடுத்தார், ஒருவர் பேனா மூடி, ஒருவர் ஒன்றும் இல்லாமல் சட்டைப் பட்டனைப் பிய்த்துக் கொடுத்தார். ஸ்வீட்டி எல்லாவற்றையும் பாவாடையில் வாங்கிக்கொண்டாள்.

கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஒரு இளைஞரிடம் நான் ஓடினேன். அவர் கையால் வாசலைக் காட்டி, உள்ளே காட்டி, பொறுமையாக விளக்கினார். வீட்டுக்குத் திரும்பி வருகிறவர் முதலில் ஒன்று சொல்ல வேண்டும், வீட்டில் இருப்பவர் பதிலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தானாம். இங்கே வந்த பிறகு இதைச் சொல்ல யாரும் இல்லை என்றார்.

அக்கா துடைப்பானைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "இன்னாடா சொல்றாரு?"

"க்கா... நான் வந்துட்டேன்னு சொன்னா, வந்துட்டியான்னு கேக்கறது. அதான் ஸ்வீட்டி சொல்றது. அந்த கேம்லேர்ந்து கத்துக்கினுக்கிறா."

"அப்ப டெய்லி என்னைப் பாத்து..."

"வந்துட்டியான்னு கேட்டுக்கிறா க்கா."

அக்கா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வந்துட்டியான்னு கேட்டுக்கிறா. நான் பதிலு சொல்லாம கண்ண மூடிக்கினு முட்டி போட்டுக்கினேனேடா."

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். கோபப்படுவார், இல்லை வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவரோ வாயில் கை வைத்து அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைபிள்ல பெந்தெகொஸ்தே நாள்ல இன்னா நடந்துச்சுன்னு நெனைக்கற சாமு?" என்றார் மெதுவாக. "ஆவி எறங்கி சீஷருங்க பேசுனத வெளிதேசத்துக்காரங்க அவங்கவங்க பாஷையிலதான் கேட்டாங்க. கேட்டு இப்டித்தான் நின்னுக்கினு இருந்துருப்பாங்க." பிறகு புடவையைச் சரி செய்துகொண்டு, "நீங்க வூட்டுக்குப் போங்க. மேடையெல்லாம் வேணாம். புள்ள கேட்டதுக்கு மொதல்ல பதிலு சொல்லுங்க" என்று வேனில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நேராக டி.வி. பிளக்கைப் பிடுங்கினார்.

"ஜப்பான்காரியா ஆயிடுவா போல கீது. மொத்தத்தையும் பரண் மேல போடு. ஆமையும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"போடு" என்றாள் அக்கா. "போட்டுட்டு? அப்பறம் யாரு அவகிட்ட பேசுவாங்க? நீ கொறட்ட வுட்டுக்கினு இருப்ப, நான் பெட்ஷீட் மடிச்சிக்கினு இருப்பேன்."

மாமா கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு அவரே சொருகினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போகவில்லை. ஸ்வீட்டி பக்கத்தில் உட்கார்ந்து அந்த கேமைப் பார்த்தாள், முதல்முறையாக, முழுசாக. ஆமை வாசலுக்கு வந்தது. ததாய்மா. நின்றது. இப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, ரொம்ப நேரம் யாருமே ஒன்றும் சொல்லாமல் இருந்தால் கூரை மேலிருந்து ஒரு நாரை எட்டிப் பார்த்து, ஒக்காயெரி என்று சொல்லிக் காட்டுகிறது. நான் டீ குடித்துவிட்டு வந்து, மைக் செத்தது என்று கைவிட்ட நேரத்துக்கும் அப்பால் ஸ்வீட்டி காத்திருந்திருக்கிறாள். மாமா தூங்கிக்கொண்டிருக்க, தனியாக, நாரை வரும் வரைக்கும்! அவள் சொன்னதும் ஆமை உள்ளே வந்து, ஓட்டுக்குள்ளிருந்து ஒரு கிளிஞ்சலை எடுத்து நீட்டியது. மைக் சாகவில்லை. எனக்குத்தான் பொறுமை இல்லை.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "டி.வி. பேசிக்கினே போவுதுடா. இது ஒண்ணு சொல்லிட்டு நிக்குது பாரு. அவ வாயத் தொறக்கற வரைக்கும் நிக்குது. நாம எப்பனா நின்னுக்கிறமா?"

திங்கட்கிழமை அவள் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றாளாம். உள்ளே வரவில்லை. கழுத்தை நீட்டி "ததாய்மா" என்றாளாம். ஸ்வீட்டி திரும்பிப் பார்த்து, ஆமையைப் பார்த்து, மறுபடி அக்காவைப் பார்த்து, ஏதோ சந்தேகமாக, "ஒக்காயெரி" என்றாளாம். அக்கா உள்ளே வந்து ஹேண்ட்பேகிலிருந்து ஒரு கொய்யாக்காய் எடுத்துக் கொடுத்தாளாம். போனில் இதைச் சொல்லும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

அடுத்த வாரம் தமிழுக்கு மாற்றிப் பார்த்தாள். "வந்துட்டேன்" என்றாள். ஸ்வீட்டி முகத்தைச் சுளித்து, டீச்சர் மாதிரி விரலை ஆட்டி, "ததாய்மா!" என்று திருத்தினாள். மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் மாமாவும் மாறியிருந்தார். மத்தியானம் அலாரம் வைத்து எழுந்து, டி.வி.யை நிறுத்திவிட்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்டினார். ஒரு கவளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு "இது இன்னா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராவிட்டாலும் அப்படியே நிற்பார், சோறு காயும் வரைக்கும்.

அக்கா விடவில்லை. தினமும் வாசலில் "வந்துட்டேன்." தினமும் உள்ளேயிருந்து ஜப்பான் பாஷை. அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. அம்மா என்ற வார்த்தை வரவே இல்லை. அக்கா என்னிடம் ஒருநாள், "அவளுக்கு நான் ஒரு ஆமைதான்டா போல கீது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. நான் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஸ்வீட்டி ஆமைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், மாமா லஞ்ச் பேகைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பட்டென்று கரண்ட் போனது. கடல் போனது. டிரான்ஸ்பார்மர் உறுமல் நின்றது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

ஸ்வீட்டி அழவில்லை. கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் நிழல் மட்டும் எனக்குத் தெரிந்தது.

வெளியே செருப்புச் சத்தம். வாசலில் வந்து நின்றது.

"வந்துட்டேன்" என்றாள் அக்கா.

நான் வாயைத் திறந்தேன். எங்கிருந்தோ மாமாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மாமா அசையவில்லை. அக்காவும் அசையவில்லை, மழை அவள் முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. மறுபடி ஹாரன். நான் மூக்கால் மெதுவாக மூச்சு விட்டேன்.

"வந்துட்டியா?"

கரகரவென்று அதே குரல். தமிழில்!

அக்கா பதில் சொல்லவில்லை. நின்றாள். அவளுடைய அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

"இருட்டா கீது," என்றாள் ஸ்வீட்டி. கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி ஊத்திக்கீது. பாத்து வாம்மா."

அம்மா! வாம்மா என்றாள்! அதுவும் எதைச் சொல்லி! இத்தனை வருஷமாக வாசலில் இடித்துக்கொண்டு ஓடும்போது இவர்கள் அரைகுறையாக வீசிவிட்டுப் போன பேச்சு. கொழம்பு, தண்ணி, பாத்து போ. யாரும் அவளைப் பார்த்துச் சொன்னதில்லை. டி.வி. சத்தத்துக்கு நடுவில் ஒவ்வொன்றையும் பொறுக்கி எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். சொல்வதற்கு ஆள் வந்து நிற்கட்டும் என்று.

அக்கா பார்த்துப் பார்த்து காலை உள்ளே வைத்தாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. வளையல் சத்தம் கேட்டது, பேகைத் திறக்கிற சத்தம் கேட்டது. "இந்தா" என்றாள்.

என் வாயிலிருந்த கை காணாமல் போயிருந்தது. மாமா எங்கே? பின்கதவு கிறீச்சென்றது. வீட்டைச் சுற்றிக்கொண்டு சேற்றில் யாரோ ஓடுகிற சத்தம். லஞ்ச் பேக் சுவரில் மோதுகிற சத்தம். அடுத்த நிமிஷம் முன்வாசலில், மழையில் சொட்டச் சொட்ட, எங்கள் மாமா.

"வந்துட்டேன்!" என்றார்.

"இப்பத்தானய்யா இங்க இருந்த?" என்றாள் அக்கா, அழுதுகொண்டே சிரித்து.

"நீ சும்மா இரு. உன்னையா கேட்டேன்?"

தெருமுனையில் ஹாரன் விடாமல் அடித்தது. டிரைவர் பெயர் சொல்லிக் கத்துகிறான். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, இருட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஸ்வீட்டி எதையோ மென்றுகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல்.

நான் ஓசைப்படாமல் பின்கதவு வழியாக வெளியே போய், மழையில் சுற்றி வந்து, மாமாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன்.